குழாய்க் கயிறு

மீனைக் குழாய்க்குள் விட்டுக் கதவைச் செருகியதும் நெட்ரா அக்கா செய்த முதல் காரியம், குழாயின் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டதுதான்.

நான் தண்ணீரில் இறங்கிப் போய் முடிச்சை அவிழ்த்து, கரையோர ஆல்டர் மரத்தின் வேரில் இழுத்துக் கட்டினேன்.

அவள் அந்த முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பெரிய பிளாஸ்டிக் குழாய் அது, உடம்பெல்லாம் துளை. உயிரோடு பிடித்த சினைமீனை அதில் போட்டு ஆற்றோட்டத்தில் கிடத்திவிட்டு, மீன்குஞ்சுப் பண்ணைக்குப் போன் அடிப்போம். தொட்டி வண்டி வரும்வரை பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். பண்ணையில் அதன் சினையை எடுத்துக் குஞ்சு பொரித்து இதே ஆற்றில் விடுவார்கள். குளிர்காலம் முழுக்க எங்கள் ஊரில் தூண்டில் போடுபவர்களுக்கு இதுதான் வேலை. சம்பளம் கிடையாது, ஜலதோஷம் உண்டு.

"வண்டி கிளம்பிடுச்சாம்," என்றேன்.

"வரட்டும். நீ ஏன்டா நனைஞ்ச கோழி மாதிரி நடுங்குற?"

இந்த வருஷம் பண்ணைக்கு ஒரு பெண்மீன்கூடக் கிடைக்கவில்லை. இன்றோடு பருவம் முடிகிறது. இன்றைக்கும் இல்லையென்றால் வேறு ஆற்று ஸ்டீல்ஹெட் மீனின் குஞ்சுகளைக் கொண்டுவந்து எங்கள் ஆற்றில் விடுவதென்று முடிவாகிவிட்டது. அப்புறம் எங்கள் ஆற்று மீன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

அதை நடக்கவிடக் கூடாதென்றுதான் அக்காவின் வீட்டுக்காரர் ஹாலிஸ் அத்தான் காலமெல்லாம் ஒவ்வொரு கூட்டமாகப் போய் அலைந்தார். "நம்ம ஆத்துக்கு நம்ம ஆத்து மீனுதான்" என்று சொல்லிச் சொல்லியே பண்ணைக்காரர்களின் உயிரை வாங்கினார்.

போன பிப்ரவரியில் அவர் போனபிறகு அக்கா தூண்டிலைத் தொடவில்லை. பாலத்தைக் கடக்கும்போது ஆற்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்று காலை தானாகவே வந்து என் படகில் ஏறி உட்கார்ந்தாள், அவருடைய மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு. அவருக்காக இந்த ஒன்றையாவது செய்கிறேன் என்றாள்.

கைராசியைப் பாருங்கள். மதியத்துக்குள் ஒரு பெண்மீன். முதுகின் கடைசியில் இருக்கும் சின்னத் துடுப்பு வெட்டுப்படாமல் இருந்தது. பண்ணையில் பிறந்ததென்றால் குஞ்சிலேயே அதை நறுக்கிவிடுவார்கள். இது ஆற்றிலேயே பிறந்தது. வயிறு சினையால் கனத்திருந்தது.

நான் சிரித்துவிட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்காவும் சிரித்தாள்.

மீன் சரியாக மூச்சு விடுகிறதா என்று பார்க்கக் குழாய்க்குள் கையை விட்டேன். செவுள் மூடியில் விரல் பட்டது.

ஓட்டை.

சினை எடுத்தபிறகு பண்ணையில் மீனைக் கொல்வதில்லை. செவுள் மூடியில் ஓர் ஓட்டை போட்டு ஆற்றில் விட்டுவிடுவார்கள். அது கடலுக்குப் போய்ப் பிழைத்துத் திரும்பி வந்து மறுபடி சிக்கினால், ஓட்டையைப் பார்த்ததும் நாங்கள் விட்டுவிட வேண்டும். ஒரே தாயின் பிள்ளைகளாக ஆறு நிரம்பிவிடக் கூடாதாம். சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்ததே அத்தான்தான்.

போன வருஷம் பிடித்த பெண்மீன்களில் மற்றவையெல்லாம் பண்ணையிலேயே செத்துப்போயின. உயிரோடு ஆற்றுக்குத் திரும்பியது ஒன்றே ஒன்று. அது யார் பிடித்த மீன் என்று ஊருக்கே தெரியும்.

ஓட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டேன். "அந்த மீனு மட்டும் என் கையில கிடைச்சா கல்லால அடிச்சே கொல்லுவேன்" என்று வருஷம் பூராவும் அக்கா அழுததைக் கேட்டவன் நான்.

வண்டிக்காரன் வென்டெல் செவுளையெல்லாம் குனிந்து பார்க்கிற ஆள் இல்லை. அப்படியே தொட்டிக்குள் விட்டுவிடலாம். பண்ணையில் கண்டுபிடித்தாலும், வேறு மீனே இல்லாதபோது என்ன செய்துவிடப் போகிறார்கள்?

"கையை எடுடா," என்றாள் அக்கா. "வலையில அள்ளும்போதே பாத்துட்டேன்."

"அக்கா, வேற மீனே இல்ல. இதையும் விட்டா அத்தான் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்."

அவள் குழாயின் கதவை உருவினாள். மீனை வெளியே எடுத்து, அதன் தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி, இரண்டு கைகளிலும் தாங்கிக்கொண்டாள். கரையில் கல்லுக்குப் பஞ்சமில்லை.

"இது அவரு புடிச்ச மீனுடா. ரெண்டாந்தடவை யாரும் புடிக்கக் கூடாது. அவரு சொன்னதுதான்."

கைகளைத் தளர்த்தினாள். மீன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாலால் ஒரு தட்டுத் தட்டி, கலங்கிய தண்ணீரில் மேலாற்றுப் பக்கம் போய்விட்டது. அக்கா வெறுங்கையோடு அதே இடத்தில் நின்று அழுதாள்.

போன பிப்ரவரியில் இதே திருப்பத்தில்தான் அத்தான் தனியாகக் காவல் நின்றார். வேர் எதுவும் தாங்காதென்று நினைத்தாரோ என்னவோ, குழாய்க் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார். சாலையில் மரம் விழுந்து வண்டி வரத் தாமதமாகிவிட்டது. மலையில் பெய்த மழைக்கு ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. முடிச்சை அவிழ்த்துக் குழாயை விட்டிருந்தால் கரையேறியிருப்பார்.

தேடிப்போனவர்களுக்குப் பாலத்தடியில் குழாய் கிடைத்தது. உள்ளே மீன் உயிரோடு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் அத்தான்.

மேட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. வென்டெல் இறங்கி வந்து, திறந்து கிடந்த குழாயைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

இந்தத் தடவை வண்டி சொன்ன நேரத்துக்கே வந்திருந்தது.