ஐம்பத்தெட்டுப் பிழை

"உடனை ரிக்கற்றைக் கான்சல் பண்ணு! நான் அங்கை வரமாட்டன்!"

கரவெட்டியிலிருந்து நாகேஸ்வரி போட்ட சத்தத்தில், ஸ்கொட்லாந்தில் இருந்த மகன் சுதாகரன் கைத்தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான்.

"ஏனம்மா? முந்தநாள் கூட நல்லாத்தானே கதைச்சனீங்கள்? இன்னும் பத்து நாள்தான் கிடக்கு."

"உன்ரை மனிசியைக் கேள்! மாமியை ஏமாத்திப் பேய்க்காட்டினது காணுமோ, இன்னும் கிடக்கோ எண்டு கேள்!"

நாகேஸ்வரி கோபக்காரிதான். ஆனால் காரணமில்லாமல் கத்துகிறவள் இல்லை.

மருமகள் ஐலா ஸ்கொட்லாந்துக்காரி. தலைப்பிள்ளை பிறக்கப் போகிறது. பக்கத்தில் நின்று பார்க்கவேண்டிய தாய் போன மார்கழியில் கண்ணை மூடிவிட்டாள். "நான் வந்து பாக்கிறன்" என்று நாகேஸ்வரி தானாகவே முன்வந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கெல்லாம் இடித்துப் போத்தலில் அடைத்தும் வைத்துவிட்டாள்.

பாஷைதான் இடித்தது. அதற்கும் ஐலாவே வழி செய்தாள். தை பிறந்ததிலிருந்து வீடியோவில் வந்து, வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயரைச் சொல்வாள்; பிள்ளையோடு பேசும் சொல்லும் சொல்லித் தருவாள். நாகேஸ்வரி அதைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொள்வாள். பதிலுக்கு இவளும் விளக்குமாற்றைக் காட்டித் "தும்புத்தடி", சமையலறையைக் காட்டிக் "குசினி" என்று சொல்லிக்கொடுப்பாள். இப்படி ஐம்பத்தெட்டுச் சொல் சேர்ந்துவிட்டது.

அந்தப் பெருமையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? நேற்று நெல்லியடியில் இங்கிலிஷ் ரியூசன் நடத்தும் ஜெயதீபன் மாஸ்ரரிடம் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"என்ன அன்ரி உது? அலுமாரிக்குப் 'பிரெஸ்' எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்?"

"ஓம் தம்பி, மருமகள் அப்பிடித்தான் சொன்னவள்."

"பிரெஸ் எண்டால் அச்சுக்கூடம். அலுமாரிக்குக் 'கபேட்' எண்டு சொல்லோணும். துடைக்கிற துணிக்கு 'க்ளூட்'... பிள்ளைக்கு 'பேர்ன்'... அழுகிற பிள்ளையைச் சத்தம் போடாதை எண்டு சொல்ல 'வீஷ்ட்'... உப்பிடி ஒரு இங்கிலிஷை நான் கண்டதே இல்லை. அன்ரி, ஆரோ உங்களோடை பகிடி விட்டிருக்கினம்."

மாஸ்ரர் சிவப்புப் பேனையால் வரிக்கு வரி வெட்டினார். ஐம்பத்தெட்டும் பிழை. பின்வரிசை வாங்கில் இருந்த பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த நாகேஸ்வரி ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தவள், மறுபடியும் தொடங்கினாள்.

"நான் அங்கை வந்து, ஆஸ்பத்திரியிலை நேர்ஸ்மாரிட்டை 'க்ளூட்' தா எண்டு கேக்கோணும். அவளவை சிரிக்கோணும். உவள் பாத்து ரசிக்கோணும். அதுக்குத்தானே? எனக்கு இங்கிலிஷ் தெரியாதுதான். அதுக்காக மானமும் ரோசமும் இல்லையெண்டு நினைச்சிட்டாளோ? தாயில்லாப் பிள்ளை எண்டு, மகள் மாதிரியெல்லோ நினைச்சன்..."

அழுதால் தோற்றதாகிவிடும் என்று இன்னும் உரக்கக் கத்தினாள்.

"என்னடா, வாயைத் திறந்து கதையன்!"

"அம்மா, மாஸ்ரர் சொன்னது பாதி சரி. உது புத்தகத்திலை இருக்கிற இங்கிலிஷ் இல்லை. ஐலாவின்ரை ஊர்ப் பேச்சு."

"அப்ப உங்கை கடை தெருவிலை, வேலையிலை எல்லாம் அவள் உப்பிடியோ கதைக்கிறவள்?"

"இல்லை. வெளியிலை மாஸ்ரரின்ரை இங்கிலிஷ்தான். என்னோடையும் அதுதான்."

"பாத்தியே! அதைத்தானே நானும் சொல்லுறன்! ஊருக்கெல்லாம் நல்ல இங்கிலிஷ், மாமிக்கு மட்டும் கழிச்சு விட்டது!"

"பொறுங்கோம்மா. உந்தச் சொல்லுகள் தாயும் மகளும் தங்கடை குசினிக்குள்ளை கதைச்சது. தாய் போனாப் பிறகு அவள் அதிலை ஒரு சொல் கதைச்சு நான் கேட்டதில்லை. உங்களோடை வீடியோவிலை கதைக்கேக்கை மட்டும்தான் கேக்கிறன்."

நாகேஸ்வரி கொப்பியைப் பார்த்தாள். சிவப்புக் கோடுகளுக்குக் கீழே அவளுடைய எழுத்து இன்னும் வாசிக்கக்கூடியதாகவே இருந்தது.

"தன்ரை பிள்ளை அழேக்கை, தாய் 'வீஷ்ட்' எண்டு சொல்லித் தூக்குவா எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவள். இனி அந்தச் சொல்லைப் பிள்ளை உங்கடை வாயாலை கேக்கட்டும் எண்டுதான், அம்மா, ஒவ்வொரு நாளும் இருந்து படிப்பிச்சவள்."

நாகேஸ்வரி கொப்பியில் 'வீஷ்ட்' இருந்த வரியைத் தேடி விரலை வைத்தாள். சுதாகரன் பெருமூச்சு விட்டான்.

"சரி, உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் நான் ரிக்கற்றைக் கான்சல்..."

"வீஷ்ட்!" என்று அதட்டினாள் நாகேஸ்வரி. "ரிக்கற்றிலை கை வைச்சியோ, தெரியும் உனக்கு!"