அறுந்த ரப்பர் உறை

"சார், இது தானா கிழியலை. யாரோ அறுத்திருக்காங்க" என்றார் படகு மெக்கானிக் இருதயராஜ்.

வாசுதேவன் குனிந்து பார்த்தார். படகுக்குள் இருக்கும் இன்ஜினையும், வெளியே தண்ணீருக்குள் சுழலும் விசிறியையும் இணைக்கப் பின்சுவரில் ஓர் ஓட்டை உண்டு. தண்ணீர் புகாமல் அதை மூடியிருந்த ரப்பர் உறையில் நீளமாக ஒரு வெட்டு.

இது இரண்டாவது தடவை. பவனா அணையில் கரையோரம் கட்டிவைத்த படகு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் பின்பக்கம் முழுகிக் கிடந்தது. தேஹு ரோடு ராணுவ டிப்போவிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு ஆசை ஆசையாய் அவர் வாங்கிய பழைய படகு.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"இன்ஜினையே தூக்கிடலாம் சார். ஓட்டையை அடைச்சுட்டு, வெளியில அவுட்போர்டு மோட்டார் மாட்டிடுவோம். தண்ணிக்குக் கீழ ஓட்டையே இருக்காது. அப்புறம் யாரால முழுக வைக்க முடியும்? நல்ல மோட்டார் ஒண்ணு என்கிட்டயே இருக்கு."

என்கிட்டயே இருக்கு! வாசுதேவனுக்குச் சுருக்கென்றது. போன தடவை உறையை மாற்றியவரும் இவர்தான். இங்கே எப்போது ஆள் இருக்காது என்று தெரிந்தவரும் இவர்தான்.

வேறு மெக்கானிக் கிடைக்காததால் சம்மதித்தார். ஆனால், வேலை நடந்த நாளெல்லாம் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். செயின் கட்டி இன்ஜினைத் தூக்கியபோதும், பலகையும் ஃபைபரும் வைத்து ஓட்டையை அடைத்தபோதும், இருதயராஜின் கையை விட்டு அவர் கண் அகலவில்லை.

"பாவங்க, அவரைப் போய்ச் சந்தேகப்படறீங்களே" என்றாள் மனைவி ராஜி, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றியபடி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

மோட்டார் மாட்டி முடிந்தது. ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு வந்த இருதயராஜிடம் வாசுதேவன் பட்டென்று சொன்னார்:

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. மோட்டாரை என் தலையில கட்டத்தானே ரப்பரை அறுத்தீங்க?"

இருதயராஜின் முகம் செத்துப்போனது.

"எங்கப்பா படகு கவுந்து கடல்லயே போனவர் சார். ஒரு படகு முழுகறதுக்கு நான் கை வைப்பேனா?"

வாசுதேவன் மோட்டார் சாவியை உருவிக்கொண்டார். இருதயராஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ரோட்டை நோக்கி நடந்தார்.

"மோட்டார் சாவியை நீயே வெச்சுக்கோ ராஜி. உன்னைத் தவிர யாரையும் நம்ப முடியலை."

ராஜி கை நீட்டவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"முதல்ல அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்க. ரெண்டு தடவையும் அறுத்தது நான்தான்" என்றாள். "அன்னிக்கு நடு ஏரியில படகு வட்டமடிச்சதுக்கு இன்ஜின் கோளாறுன்னு என்கிட்ட சமாளிச்சீங்களே, நீங்க ஸ்டியரிங் மேல மயங்கிக் கிடந்ததைக் கரையில நின்னு பார்த்துக்கிட்டுதாங்க இருந்தேன்."