மறுகா மாத்திறன்

கிருஷாந்தின் தன்னாமுனை வீட்டில் ஒரு கணினிதான். அவன் வேலைக்கு ஜாவா நிரல்மொழியின் பதினேழாம் பதிப்பு வேண்டும்; மனைவி தனுஷியாவின் வேலைக்கு எட்டாம் பதிப்பு. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் மாறிவிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் தினமும் சண்டை.

"எழும்பக்குள்ள என்ட பதினேழுக்கு மாத்திப்போட்டு எழும்பினா என்ன?"

"மறுகா மாத்திறன்," என்பாள். பிறகும் மாற்றவே மாட்டாள்.

அவள் செத்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. ஆனாலும் மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டு வரும்போதெல்லாம் கணினி எட்டில் நின்றது. எட்டாம் பதிப்பை அழித்தும் பார்த்தான். மறுநாள் கணினியிலுள்ள பதிப்புகளின் பட்டியலில் அது திரும்பவும் இருந்தது. வீட்டில் வேறு ஆளில்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் சாப்பிட எழும்புமுன் அவனே எட்டுக்கு மாற்றினான். "இந்தா, உன்ட எட்டு," என்றான் வெறுங்கதிரையைப் பார்த்து. குசினியில் தனியே இருந்து சோறும் மீனாணமும் தின்றான். வாவிக் காற்று யன்னலை அடித்துக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தான்.

பதினேழில் நின்றது.

அதன் பிறகு தினமும் அவன் எட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறான். திரும்பி வரும்போது, அவன் விட்டபடியே, எட்டில் நிற்கிறது.