தேன்கடை மைனா

கரடியின் தேன்கடையில் மைனாவுக்குக் கூவி விற்கிற வேலை. "கூவினா மட்டும் போதாது. எல்லா வேலையும் கத்துக்கோ, தலைமைப் பதவி உனக்குத்தான்" என்றது கரடி.

மைனா கற்றுக்கொண்டது. எது எந்தப் பூவின் தேன் என்று தேனீக்களை நச்சரித்துக் கேட்டுவைத்தது. எதிர்க்கடைக் குரங்கு என்ன விலை சொல்கிறது என்று மரத்தில் ஒளிந்திருந்து கேட்டது. தேன் வாங்கிப்போன முயலின் வளை வாசலில் உட்கார்ந்து, குட்டிகள் நக்கித் தின்கின்றனவா, முகம் சுளிக்கின்றனவா என்று பார்த்துவந்து சொன்னது. வியாபாரம் பெருகியது.

மழைக்காலம் முடிந்ததும் தலைமைப் பதவி மயிலுக்குப் போனது. மயிலுக்குத் தோகை விரிக்கத் தெரியும்.

"நான் எல்லாம் கத்துக்கிட்டேனே, அண்ணாச்சி" என்றது மைனா.

"அதனாலதான்" என்றது கரடி, வாஞ்சையாக. "உன்னை மேலே தூக்கிட்டா இத்தனை வேலையையும் யாரு பாக்குறது? மயிலுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு."

மறுநாள் மயில் மைனாவைக் கூப்பிட்டது. "ஏம்ப்பா, இந்தத் தேன் எப்படி இருக்கும்?"

மைனா தேன்குடத்தை எட்டிப் பார்த்தது.

"இனிக்கும்னு சொல்லித்தான் விக்கிறேன், ஐயா. ஒரு சொட்டுகூட நான் நக்கிப் பாத்ததில்லை."