ஆளுக்கொரு பூட்டு

தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பட்டறையில் தகடு வளைப்பது ரோபோதான். காலையில் காற்றாலைக்கு மின்பெட்டி, மதியம் மோட்டாருக்கு மூடி என்று ஆர்டருக்குத் தக்கபடி அச்சைத் தானே மாற்றிக்கொள்ளும். அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. உள்ளே போகிறவர் தன் பெயர் ஒட்டிய பூட்டைக் கூண்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவரேதான் கழற்ற வேண்டும். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் மெஷின் ஓடாது.

அன்று ஒரு தகடு சிக்கிக்கொண்டது. ஷிப்ட் பொறுப்பாளர் காளீஸ்வரியும் பாண்டியும் உள்ளே போய் அதை எடுத்தார்கள். வெளியே வந்து அவரவர் பூட்டைக் கழற்றினார்கள். கதவில் இன்னொன்று தொங்கியது.

"இது யாருது பாண்டி?"

அவன் திருப்பிப் பார்த்தான். "உங்க பேருதான் போட்டிருக்குக்கா."

"என் பூட்டு இந்தா கையில இருக்குல்லா."

கூண்டுக்குள் யாரும் இல்லை. இரண்டு தடவை பார்த்தாயிற்று. காளீஸ்வரி தன் சாவியைப் போட்டாள். பூட்டு திறந்துகொண்டது.

"ஸ்டார்ட் பண்ணுங்கக்கா. சாரல்ல நிக்க முடியலன்னு லாரிக்காரர் சத்தம் போடுதாரு."

பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்தவளுக்கு அழுத்த மனசு வரவில்லை. தகட்டை எடுக்கக் குனிந்தது நினைவிருந்தது. பூட்டைக் கழற்றியது நினைவிருந்தது. நடுவில் கூண்டைவிட்டு வெளியே நடந்து வந்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"கொஞ்சம் பொறுலே. இந்தப் பூட்டுக்காரி இன்னும் உள்ளதான் இருக்கா. அவ வெளிய வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பூட்டைக் கதவிலேயே மறுபடி மாட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.