சீமைச் சூப்புக்கட்டி

கூடையின் மேலே கிடந்தது காய்ந்த எறா. அதை விலக்கி, வாழைச் சருகையும் விலக்கிப் பார்த்தார் செல்லப்பன். அடியில் வெள்ளித்தாள் சுற்றிய சின்னச் சின்னக் கட்டிகள் பளபளவென்று கிடந்தன.

"என்னம்மா இது?"

"சூப்புக்கட்டிங்க. கொதிக்கிற தண்ணியில ஒண்ணப் போட்டா ஒரு சட்டி சூப்பு" என்றாள் கெங்கம்மாள். மணப்பட்டிலிருந்து பாகூர் சந்தைக்குத் தலைச்சுமையாகவே நடந்து வருகிறவள். உப்பில் வெடித்த காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், சுங்க இன்ஸ்பெக்டரைப் பார்த்தும் மடக்கவில்லை.

செல்லப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு பிரெஞ்சுச் சரக்கு எதுவும் லைசென்ஸ் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. ஆனால் பாகூருக்கு வந்த நாளாய் அவர் ஒரு கேஸும் பிடித்தபாடில்லை. உருப்படியாக ஒன்றைப் பிடித்துக் காட்டினால் மெட்ராஸ் துறைமுகத்துக்கே மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார் மேலதிகாரி. அந்த நினைப்பில் கொசுக்கடியோடு மல்லுக்கட்டி, சிகரெட்டாய் ஊதித் தள்ளி அவருக்கு நெஞ்சே கரிந்துபோயிருந்தது.

கூடையும் கையுமாக அவளை ஆபீசுக்கு நடத்திப் போனார். பாதிச் சந்தை பின்னாலேயே வந்து வாசலில் நின்றது. அதில் பலரும் சைகோனிலும் பிரான்சிலும் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களின் வீட்டுப் பெண்கள். கெங்கம்மாளின் வாடிக்கையே அவர்கள்தான். சீமைச் சாமான் என்றால் பேரம் பேசமாட்டார்கள்.

செல்லப்பன் கடைசிச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு காலிப் பெட்டியைத் தரையில் வீசினார். ஆபீசைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி தனக்கொடி அதைக் குப்பையோடு தள்ளவில்லை. குனிந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். ஆபீசர் கை பட்ட பொருள், மரியாதை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு விசாரணை. எந்தக் கப்பல், எந்த ஏஜெண்டு, எந்தக் கரையில் இறக்கினார்கள் என்று அடுக்கினார். கெங்கம்மாள் எல்லாவற்றுக்கும் வெற்றிலையை மென்றாள். கடைசியில் ஒரு கட்டியை எடுத்து, வெள்ளித்தாளை அவள் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"இந்தத் தாள் மணப்பட்டுலயா காய்க்குது? யாரு குடுத்தது இது?"

"சொன்னா, குடுத்தவருக்குத்தாங்க சங்கடம்."

பெரிய புள்ளிதான் என்று செல்லப்பனுக்குப் புரிந்துபோயிற்று. துறைமுகக் காற்று அப்போதே முகத்தில் அடித்தது.

சரக்கு வெளிநாடுதான் என்று சாட்சி சொல்ல மரியதாஸை வரவழைத்தார். பிரான்சில் மார்செய்ல் பட்டாளத்துச் சமையல்கட்டில் காலம் தள்ளியவர். மெடல் குத்திய கோட்டோடு வந்தார். வாசலிலேயே பெண்கள் அவரை மடக்கி, உள்ளூர்ச் சாமான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பொம்பளை ஜெயிலுக்குப் போகாமல் பிழைக்கட்டும் என்று கெஞ்சினார்கள். அதற்கென்ன, ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

வெந்நீரில் கட்டியைக் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். ஆட்டிய தலை மறந்துபோயிற்று.

"புய்யோன்" என்றார், சூப்பைப் பிரெஞ்சில். "மார்செய்ல்ல குடிச்ச அதே புய்யோன். இது பிரான்சுக் கோழி சார். நம்மூரு கோழியை நாளெல்லாம் வேகவெச்சாலும் இந்த ருசி வராது. இதுல போய் நான் பொய் சொன்னா என் நாக்கு அழுவிப்பூடும்."

வாசலில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கெங்கம்மாள் முகத்தில் மட்டும் ஒரு பெருமை எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

"அவ்வளவுதான். சரக்கு பறிமுதல், உனக்கு ஜெயில்" என்றார் செல்லப்பன். பிறகு குரலைத் தணித்தார். குடுத்தவன் பேரைச் சொல்லிவிட்டால் அவளை விட்டுவிடுவதாகவும், தனக்கு வேண்டியது அந்தப் பெரிய ஆள்தான் என்றும் சொன்னார்.

கெங்கம்மாள் வாசலைப் பார்த்தாள். அப்பாவிப் பெண்கள், நல்ல வாடிக்கை. ஜெயிலையும் நினைத்துப் பார்த்தாள்.

"கதவச் சாத்துங்க. அவங்க காதுல வுழுந்தா என் பொழப்பு பூடும்."

மரியதாஸை வெளியே அனுப்பிவிட்டுச் செல்லப்பனே போய்த் தாழ்ப்பாள் போட்டார். தனக்கொடி ஏனோ விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். செல்லப்பன் புதுப் பெட்டியைப் பிரித்து ஒன்றைப் பற்றவைத்து, புகையை ஒருபக்கமாக ஊதிவிட்டு, குனிந்து காதைக் கொடுத்தார்.

"உள்ள இருக்கிறது எங்க வூட்டு அம்மியில அரைச்ச எறாத் தலைங்க" என்றாள் கெங்கம்மாள். "தாளுதான் ஒங்க சிகரெட்டுப் பொட்டிது."