வெள்ளிக்கிழமை வந்த ஹேக்கர்

“அந்தப் பக்கம் இருக்கது துறைமுக ஏஜெண்ட் இல்ல முதலாளி. யாரோ அவங்க பேருல நுழையப் பாக்காங்க.”

ஆதிரா திரையைக் காட்டினாள். புதுக்கடை முந்திரி கம்பெனியின் மென்பொருளை ஏஜெண்டின் மென்பொருளோடு அவள் இணைத்துக்கொண்டிருந்தாள். ஏஜெண்ட் தன் அடையாளத்துக்காகச் சற்றுமுன் புதிதாக எடுத்து அனுப்பிய டிஜிட்டல் சான்றிதழை, கம்பெனி சர்வர் திரும்பத் திரும்பச் செல்லாது என்று தள்ளியது.

முதலாளி கிருஷ்ணமணிக்கு வியர்த்தது. “நம்ம கணக்கு வழக்கெல்லாம் கொண்டு போயிருவானா மக்கா?”

“போயிருவான். இங்க உள்ளயும் ஒரு ஆள் உண்டும். காலத்த நான் வரும்போ சர்வர் ரூம் கதவு தொறந்து கெடந்துது. எனக்கு பயமாட்டு இருக்கு.”

கிருஷ்ணமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

போலீசுக்குச் சொல்ல ஆதிரா போனை எடுத்தாள். அப்போதுதான் திரையின் கடைசி வரி கண்ணில் பட்டது: ‘இந்தச் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை.’

சுவரில் மணி பதினொன்று. சர்வர் கடிகாரத்தில் ஒன்பதரை.

“யாரோ சர்வர்ல நேரத்தப் பின்னால தள்ளி வச்சிருக்காங்க முதலாளி.”

“அந்த போனை வை மக்கா,” என்றார் கிருஷ்ணமணி, தலையைக் குனிந்தபடி. “ராகுகாலத்துல புதுக் காரியம் தொடங்கப்பிடாதுல்லா. நான்தான் திருப்பி வச்சேன்.”